முன்னோட்டப் பதிப்பும் நிறுவனத்தின் உண்மைத் தரவும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில், மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளை நிர்வகிக்கும் கருவியான எஸ்க்யூஎல் சர்வர் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவுக்கு வரும் முன்னோட்டப் பதிப்புகளைப் பற்றிய குறிப்பைப் படித்தோம். கண்ணுக்கு இதமான கறுப்புத் திரை, 64-பிட் வேகம், கேள்வி கேட்டால் குவெரி (தரவைக் கேட்கும் கட்டளை) எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு உதவியாளர் எல்லாம் சரியாகவே சொல்லப்பட்டிருந்தன. இறக்கி நிறுவும் வழியும் இருந்தது. நிறுவிய பிறகு அதை எந்த சர்வரோடு இணைப்பது என்பது மட்டும் இல்லை. பராமரிப்பு வேலையில் இருப்பவர்களுக்கு அதுதான் முதல் கேள்வி.

சிறு நிறுவனங்கள் பலவற்றில் பில் போடும் மென்பொருளும் கணக்கு மென்பொருளும் இலவசமான எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் மீதுதான் ஓடுகின்றன. அங்கே தரவுத்தள நிர்வாகி என்று தனியாக ஒருவர் இருப்பதில்லை. கணினி தெரிந்த கணக்காளரோ, மென்பொருள் விற்றவரின் ஆளோ எஸ்ஏ என்ற தலைமை லாகினில் நுழைந்து வேலையை முடிப்பார்கள். குறிப்பைப் படித்துவிட்டு நிறுவப்போகிறவர்களில் இவர்களும் உண்டு என்பதால் இந்தக் கடிதம்.

முன்னோட்டப் பதிப்பு நடுவில் நின்றுபோனால் பெரிய நட்டமில்லை. ஒரு சன்னல் மூடும், எழுதிக்கொண்டிருந்த குவெரி போகும், அவ்வளவே. நிற்காமல் ஓடும்போதுதான் கவனம் வேண்டும். இந்தக் கருவியில் அழுத்தும் ஒவ்வொரு பொத்தானும் சர்வருக்கு ஒரு கட்டளையாகப் போகிறது. கருவிக்கு முன்னோட்டம் என்று பெயர் இருக்கலாம். கட்டளையில் அந்த வித்தியாசம் கிடையாது.

பின்னணியையும் சொல்லிவிடுகிறோம். எஸ்க்யூஎல் சர்வர் 2005-உடன் வந்த இந்தக் கருவி, 2016-இல் சர்வரிலிருந்து பிரிந்து தனியாக இறக்கிக்கொள்ளும் மென்பொருளானது. 21-ஆம் பதிப்பின் முன்னோட்டம் 2024 நவம்பரில் வெளியானது. இறுதி வடிவம் 2025 மே மாதம் வந்தது. 32-பிட்டிலிருந்து 64-பிட்டுக்கு மாறியதும், விஷுவல் ஸ்டுடியோ நிறுவி வழியாக வரத் தொடங்கியதும் அந்தப் பதிப்பில்தான். முன்னோட்டத்துக்கும் இறுதிக்கும் இடையில் வசதிகள் கூடும், குறையும், இடம் மாறும். 2019 ஏப்ரலில் வந்த 18.0 முழுப் பதிப்பே, டேபிள்களின் தொடர்பைப் படமாகக் காட்டும் டேட்டாபேஸ் டயாகிராம் இல்லாமல் வந்தது. பயனாளர்கள் கூச்சல் போட்ட பிறகு 18.1-இல் அது திரும்பியது. 18.0-இல் நீக்கப்பட்ட, கட்டளைகளைப் படிப்படியாக ஓட்டிப் பிழை தேடும் டிரான்ஸாக்ட்-எஸ்க்யூஎல் டீபக்கர் திரும்பவே இல்லை. ஆகவே முன்னோட்டத்தில் நம் வேலைக்கு வேண்டியது எது காணாமல் போயிருக்கிறது என்று பார்ப்பதே சோதனையில் பாதி. மாதம் ஒருமுறை, ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் செய்யும் வேலைகளைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள். தினமும் செய்வது எப்படியும் கண்ணில் பட்டுவிடும். நிதியாண்டு முடிவில் மட்டும் திறக்கும் மெனு காணாமல் போனால் மார்ச் 31 அன்றுதான் தெரியவரும்.

சோதனைக்குத் தனி இடம் வேண்டும். பழைய மடிக்கணினியோ மெய்நிகர் கணினியோ போதும். முதல் பார்வைக்கு மட்டும் என்றால் விண்டோஸ் புரோ பதிப்பில் உள்ள சாண்ட்பாக்ஸைத் திறக்கலாம். மூடியதும் உள்ளே நிறுவியதெல்லாம் அழிந்துவிடும். சர்வராக எஸ்க்யூஎல் சர்வர் டெவலப்பர் பதிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். அதுவும் இலவசம்தான், என்டர்பிரைஸ் பதிப்பின் வசதிகள் அனைத்தும் உண்டு, உண்மையான தொழிலுக்கு மட்டும் பயன்படுத்தக் கூடாது. அலுவலகத்தில் ஓடுவது எந்த ஆண்டுப் பதிப்போ அதையே போடுவது நல்லது. எஸ்க்யூஎல் சர்வர் 2022 பதிப்பில் எடுத்த பேக்கப் 2019 பதிப்பு சர்வரில் ஏறாது. 2019-இல் எடுத்தது 2022-இல் ஏறும், ஆனால் அதன் பிறகு திரும்பி வர வழியில்லை.

சோதனை நகலுக்காக அலுவலகத் தரவுத்தளத்தை பேக்கப் எடுக்கும்போது காப்பி ஒன்லி என்ற தெரிவை மறக்காமல் குறியிடுங்கள். சாதாரண முழு பேக்கப் எடுத்தால் டிஃபரென்ஷியல் பேக்கப்புகளின் (கடைசி முழு பேக்கப்புக்குப் பின் மாறியதை மட்டும் எடுப்பவை) அடிப்படை அதற்கு மாறிவிடும். அந்தக் கோப்பைச் சோதனை முடிந்ததும் அழித்துவிட்டீர்கள் என்றால், அதன் பிறகு தினமும் எடுத்துவந்த டிஃபரென்ஷியல்கள் மீட்டெடுக்கும் நாளில் உதவாது. செக்சம் தெரிவையும் சேர்த்துக்கொண்டால் பக்கங்கள் சேதமாகியிருந்தால் அப்போதே தெரியும்.

இனி ரீஸ்டோர், அதாவது பேக்கப்பைத் திரும்ப ஏற்றுவது. பழைய பதிப்பிலும் புதிய பதிப்பிலும் மோசமான பொறி இங்கேதான் இருக்கிறது. தனிக் கணினி இல்லை என்று சொல்லி, அதே சர்வரில் வேறு பெயரில் நகலை ஏற்றுவது பலர் செய்யும் வேலை. ரீஸ்டோர் சாளரத்தில் ஆப்ஷன்ஸ் பக்கம் என்று ஒன்று உண்டு. பெரும்பாலோர் அதைத் திறப்பதே இல்லை. மூலத் தரவுத்தளம் முழு மீட்பு முறையில் இருந்தால், அந்தப் பக்கத்தில் டெயில்-லாக் பேக்கப் (இன்னும் பேக்கப் ஆகாத கடைசி மாற்றங்கள்) எடு என்ற பெட்டியும், மூலத் தரவுத்தளத்தை ரீஸ்டோரிங் நிலையில் விடு என்ற பெட்டியும் தாமாகவே குறியிடப்பட்டிருக்கலாம். ஓகே கொடுத்தால் நகல் அழகாக ஏறும். பக்கத்தில் உண்மையான தரவுத்தளத்தின் பெயருக்கு அருகே ரீஸ்டோரிங் என்று வந்துவிடும், கவுன்டரில் பில் நிற்கும். தரவு எங்கும் போகவில்லை. ரீஸ்டோர் டேட்டாபேஸ் கட்டளையை பேக்கப் கோப்பு எதுவும் குறிப்பிடாமல், வித் ரெக்கவரி மட்டும் சேர்த்து ஓட்டினால் எழுந்துவிடும். அது தெரியாமல் பதற்றத்தில் நேற்றைய பேக்கப்பை மேலே ஏற்றுகிறவர்கள்தான் இன்றைய கணக்கை இழக்கிறார்கள். ஓகே கொடுக்கும் முன் மேலே உள்ள ஸ்கிரிப்ட் பொத்தானை அழுத்தி, என்ன கட்டளை போகிறது என்று படியுங்கள். கோப்புகளின் பாதையும் பெயரும் மூலத்தினுடையதாகவே இருந்தால் அதையும் மாற்றுங்கள்.

வேறு சர்வரில் ரீஸ்டோர் முடிந்ததும் லாகினுக்கும் தரவுத்தளப் பயனருக்கும் உள்ள தொடர்பு அறுந்திருக்கும். புதிய சர்வரில் லாகினின் உள் அடையாள எண் வேறு. ஆல்டர் யூசர் கட்டளையால் மறுபடி இணைக்கலாம். அதைவிட முக்கியம், நகலில் உள்ள வாடிக்கையாளர் பெயர், தொலைபேசி எண், ஆதார், வங்கிக் கணக்கு எண்களை முதலில் பொய் எண்களாக மாற்றிவிடுவது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில், பழைய மடிக்கணினியில் வாடிக்கையாளர் பட்டியல் சும்மா கிடக்கக் கூடாது.

நிறுவுவதில் சிரமம் அதிகம் இல்லை. பழைய பதிப்பின் பக்கத்திலேயே புதியது உட்காரும். பழையதை நீக்க வேண்டாம். இணைய வசதி இல்லாத சர்வர் அறைக்கு, வேறு கணினியில் லேஅவுட் தெரிவோடு நிறுவியை ஓட்டி முழுக் கோப்புகளையும் ஒரு ஃபோல்டரில் இறக்கிக் கொண்டுபோகலாம். நிறுவிய பின் எஸ்க்யூஎல் கோப்பை இருமுறை சொடுக்கினால் எந்தப் பதிப்பு திறக்கிறது என்று பாருங்கள். நீங்கள் பழையதில் இருப்பதாக நினைத்துப் புதியதில் வேலை செய்துகொண்டிருக்கக் கூடும். மூன்றாம் தரப்பு ஆட்-இன்கள் (கூடுதல் வசதிச் செருகல்கள்) 32-பிட் காலத்தவை என்றால் 21-ஆம் பதிப்பு முதல் ஏறாது; அவற்றை விற்றவர் 64-பிட் வடிவம் தர வேண்டும்.

பழைய பதிப்பின் அமைப்புகளை இறக்குமதி செய்யவா என்று கருவி கேட்கலாம். சோதனையில் வேண்டாம் என்று சொல்வதே எங்கள் யோசனை. காரணம், டிசைனர்ஸ் பகுதியில் உள்ள ஒரு தெரிவு. டேபிளை அழித்து மறுபடி கட்ட வேண்டிய மாற்றங்களைச் சேமிக்க விடாதே என்பது அதன் பொருள். புதிதாக நிறுவினால் குறியிட்டே வரும். என்றோ ஒருநாள் பிழைச் செய்தி எரிச்சலூட்ட, இணையத்தில் தேடி அந்தக் குறியை எடுத்தவர்கள் ஏராளம். இறக்குமதி செய்தால் எடுக்கப்பட்ட நிலையே புதியதற்கும் வந்துவிடலாம். அந்தக் காவல் இல்லாதபோது, டிசைன் சாளரத்தில் இரண்டு ஃபீல்டுகளுக்கு நடுவில் புதிதாக ஒரு ஃபீல்டைச் செருகிச் சேமித்தால் கருவி செய்வது இதுதான்: டிஎம்பி என்று தொடங்கும் பெயரில் புது டேபிள் உருவாக்கும், பழைய டேபிளை முழுதாகப் பூட்டி வரிகளை எல்லாம் அதில் கொட்டும், பழையதை அழிக்கும், புதியதற்குப் பழைய பெயரை வைக்கும். ஆயிரம் வரி என்றால் கண் சிமிட்டும் நேரம். பல ஜிபி டேபிள் என்றால் அத்தனை நேரமும் வேறு யாரும் அதைத் தொட முடியாது. எக்ஸ்பிரஸில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2022 வரையான பதிப்புகளில் ஒரு தரவுத்தளத்தின் டேட்டா கோப்புகள் 10 ஜிபியைத் தாண்டக் கூடாது. மாற்றங்களைப் பதியும் லாக் கோப்பு அதில் சேராது. 6 ஜிபி டேபிளுக்கு அதே தரவுத்தளத்தில் இன்னொரு 6 ஜிபி நகல் எடுக்க இடமே இருக்காது, பாதியில் பிழையோடு நின்று, செய்ததையெல்லாம் திருப்ப மறுபடி நேரம் எடுக்கும். புதிய ஃபீல்டைக் கடைசியில் சேர்த்து, வெற்று மதிப்பை அனுமதித்து, ஆல்டர் டேபிள் கட்டளையாக எழுதினால் நொடியில் முடிகிற வேலை இது. ஃபீல்டுகளின் வரிசை கண்ணுக்கு அழகு மட்டுமே.

டேபிளின் முதல் 200 வரிகளை நேரடியாகத் திருத்தும் எடிட் டாப் 200 ரோஸ் சாளரத்தையும் இதே சந்தேகத்தோடு அணுகுங்கள். ஒரு வரியில் மதிப்பை மாற்றிவிட்டு அடுத்த வரிக்கு நகர்ந்தாலே மாற்றம் சர்வரில் பதிந்துவிடும். சேமி பொத்தான் இல்லை, திருப்பும் வசதியும் இல்லை. வரியை விட்டு நகரும் முன் எஸ்கேப் அழுத்தினால்தான் உண்டு.

சோதனைக்கு எஸ்ஏ லாகினைத் தரவே வேண்டாம். படிக்க மட்டும் உரிமையுள்ள டிபி-டேட்டாரீடர் பாத்திரத்தில் ஒரு லாகின் உருவாக்கி, எதற்கேனும் கூடுதல் உரிமை தேவைப்பட்டால் நகலில் மட்டும் கொடுங்கள். செயற்கை நுண்ணறிவு உதவியாளர் விஷயத்தில் இது கட்டாயம். நீங்கள் எந்த லாகினில் இணைந்தீர்களோ அதன் உரிமையில்தான் அது வேலை செய்கிறது. டேபிள், ஃபீல்டு பெயர்கள் கேள்வியோடு சேர்ந்து வெளியே உள்ள சேவைக்குப் போகின்றன என்பதையும் நிறுவன உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது முறை. உண்மையான சர்வரையும் தொட்டே ஆக வேண்டும் என்றால், இணைப்புச் சாளரத்தில் தனி நிறம் வைக்கும் தெரிவு இருக்கிறது. உண்மைக்குச் சிவப்பு, நகலுக்குப் பச்சை என்று வைத்தால் குவெரி சாளரத்தின் கீழ்ப்பட்டை அந்த நிறத்தில் தெரியும். இந்தச் சிறு காரியம் காப்பாற்றிய தரவுத்தளங்கள் அதிகம்.

இணையும்போதே ஒரு பிழை வரலாம்: சான்றிதழ்ச் சங்கிலி நம்பகமற்ற அமைப்பால் வழங்கப்பட்டது என்று. இது முன்னோட்டத்தின் கோளாறு அல்ல. 2024 மார்ச்சில் வந்த 20-ஆம் பதிப்பிலிருந்து இணைப்பில் மறையாக்கம் கட்டாயம் என்பதே இயல்புநிலை. சர்வரிடம் இருப்பதோ தானே கையெழுத்திட்டுக்கொண்ட சான்றிதழ். சோதனைக் கணினியில் சர்வர் சான்றிதழை நம்பு என்ற பெட்டியைக் குறியிட்டுக் கடந்துவிடலாம். அலுவலக நெட்வொர்க்கில் அதையே பழக்கமாக்கினால், நடுவில் யார் உட்கார்ந்தாலும் கருவி நம்பிவிடும். அங்கே முறையான சான்றிதழ் வாங்கி சர்வரில் பொருத்துவதே வழி.

64-பிட் பற்றிச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை. பழைய பதிப்பில் பல லட்சம் வரிகளைக் கட்டத்தில் கொட்டினால் நினைவகம் போதவில்லை என்று நின்றுவிடும். புதியது நிற்காது, கணினியின் நினைவகம் முழுவதையும் தின்னும். எக்ஸ்பிரஸ் சர்வரும் இந்தக் கருவியும் ஒரே 8 ஜிபி கணினியில் இருந்தால் இரண்டும் திணறும். கருவி வரிகளை மெதுவாக வாங்கினால் சர்வர் அனுப்பக் காத்திருக்கும். அதுவரை குவெரி முடியாது, அது பிடித்திருக்கும் பூட்டுகளும் விடுபடத் தாமதமாகலாம். டாப் 1000 (முதல் ஆயிரம் வரி மட்டும்) போட்டுப் பார்ப்பது 64-பிட்டிலும் நல்ல பழக்கம்தான்.

தமிழில் தரவு வைத்திருப்பவர்கள் தனியாகப் பார்க்க வேண்டியவை உண்டு. ஆங்கிலத்தில் எழுதப்படும் அறிமுகங்களில் இவை வராது. குவெரி எடிட்டரின் இயல்பான எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் இல்லை. விண்டோஸ் 8 முதல் நிர்மலா யூஐ எழுத்துருவிலிருந்து மாற்றாக எடுத்துக் காட்டுகிறது. அகலம் வேறு என்பதால் டெக்ஸ்ட் வெளியீட்டில் பத்திகள் கோணலாக நிற்கும், அது தரவின் பிழை அல்ல. டெக்ஸ்ட் வெளியீட்டில் ஒரு ஃபீல்டுக்கு 256 எழுத்து மட்டுமே காட்டும் என்பதும் இயல்புநிலை. நீளமான முகவரி பாதியில் வெட்டுப்பட்டுத் தெரிந்தால், தரவு போய்விட்டது என்று அலற வேண்டாம். அமைப்பில் எண்ணைக் கூட்டுங்கள் அல்லது கட்டத்தில் பாருங்கள்.

உண்மையிலேயே தரவு போகும் இடம் வேறு. தமிழ்ச் சொல்லை மேற்கோளுக்குள் எழுதும்போது முன்னால் பெரிய எழுத்தில் என் (N) என்ற ஆங்கில எழுத்து இல்லாவிட்டால், யூடிஎஃப்-8 அல்லாத வழக்கமான கொலேஷனில் (எழுத்துகளைச் சேமித்து ஒப்பிடும் விதி) அது கேள்விக்குறிகளாகவே பதியும். தமிழ் என்ற சொல் ஐந்து கேள்விக்குறிகளாகும், ஏனென்றால் யூனிகோடில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். ஒருமுறை கேள்விக்குறியாகப் பதிந்ததை மீட்க முடியாது. ஃபீல்டு வகையும் யூனிகோடு எழுத்துகளை ஏற்கும் என்வார்சாராக இருக்க வேண்டும். அதன் அளவைக் கணக்கிடும்போதும் கண்ணால் காணும் எழுத்துகளை எண்ணாமல் குறியீடுகளை எண்ணுங்கள். ஸ்ரீ என்பது நான்கு. உதவியாளர் எழுதித் தரும் குவெரியில் அந்த முன்னெழுத்து இருக்கிறதா, டேபிள் உருவாக்கச் சொன்னால் வார்சார் போடுகிறதா என்வார்சார் போடுகிறதா என்று பாருங்கள். முன்னோட்டத்தில் செய்ய வேண்டிய அருமையான சோதனை இது.

கொ, கோ, கௌ போன்ற எழுத்துகளைத் தேடிப் பாருங்கள். கொ-வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் பதிய முடியும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். குறியீடுகளை அப்படியே ஒப்பிடும் பைனரி கொலேஷனில் தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. கருவி மாறும்போது விசைப்பலகையும் மாறினால் இந்தக் குழப்பம் எழும், பழி கருவி மீது விழும்.

குவெரி கோப்பைச் சேமிக்கும்போது யூடிஎஃப்-8 குறியீட்டில், கோப்பின் தொடக்கக் குறியோடு சேமியுங்கள். பழைய ஆன்சி முறையில் சேமித்தால் தமிழ் அழியும். கட்டத்திலிருந்து சிஎஸ்வியாகச் சேமித்து எக்செலில் திறந்து பார்ப்பதும் சோதனைப் பட்டியலில் இருக்கட்டும். தொடக்கக் குறி இல்லாத கோப்பை எக்செல் நேரடியாகத் திறந்தால் தமிழ் புரியாத கிறுக்கலாகத் தெரியும்.

ஒரே நகலை முதலில் பழைய பதிப்பிலும் பிறகு புதியதிலும் திறந்து, ஜெனரேட் ஸ்கிரிப்ட்ஸ் வழியாக எல்லா டேபிள், வியூ, ப்ரொசீஜர்களையும் இரு கோப்புகளாக எடுத்து ஒப்பிடுங்கள். தேதி, தலைப்பு வரிகள் தவிர வேறு வித்தியாசம் இருந்தால் ஏன் என்று தேடுங்கள். இண்டெக்ஸ், ட்ரிக்கர், கொலேஷன் ஆகியவற்றை ஸ்கிரிப்டில் சேர்க்கும் தெரிவுகள் இரு பதிப்பிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தெரிவின் வித்தியாசத்தைக் கருவியின் பிழை என்று எண்ணிவிடுவோம்.

பிழை கண்டால் உதவி மெனுவில் உள்ள கருத்து அனுப்பும் வசதி வழியாக எழுதுங்கள். கருவியின் முழுப் பதிப்பு எண், சர்வரின் பதிப்பு, கொலேஷன், விண்டோஸ் மொழி அமைப்பு, செய்த படிகள், எதிர்பார்த்தது, நடந்தது இவ்வளவும் வேண்டும். தமிழ் எழுத்து சார்ந்த பிழை என்றால் திரையின் படம் மட்டும் போதாது; அந்தச் சொல்லின் யூனிகோடு எண்களையும் கொடுங்கள், படிக்கும் பொறியாளருக்குத் தமிழ் தெரியாது. படம் எடுக்கும் முன் கட்டத்தில் வாடிக்கையாளர் பெயரோ எண்ணோ தெரிகிறதா என்று பார்த்து மறையுங்கள். இறுதிப் பதிப்பு வந்ததும் முன்னோட்டத்தை விஷுவல் ஸ்டுடியோ நிறுவி வழியாக நீக்கி, சோதனைக் கணினியில் உள்ள நகலையும் பேக்கப் கோப்பையும் சேர்த்தே அழித்துவிடுங்கள்.

இத்தகைய அறிமுகக் குறிப்புகளை வெளியிடும்போது, அது முன்னோட்டத் தடமா இறுதித் தடமா, பழையதோடு சேர்ந்து இருக்குமா, உண்மைத் தரவில் பயன்படுத்தலாமா என்ற மூன்று வரிகளை அடியில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தரவுத்தளப் பராமரிப்புப் பணியில் உள்ள வாசகர்கள்,
கோயம்புத்தூர்.